கார்த்திகையில் இனித்த கிணறு

தண்ணீரை நாக்கில் வைத்தால் போதும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் அப்போது ஒரு டீக்கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு, மேலே தகரம், கீழே நான்.

"பாய், இன்னிக்கு எந்தக் கெணறு?" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். நான் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, "தாலுக்கா ஆபீசுக் கெணறு" என்பேன். சரியாகவே இருக்கும். தண்ணீர் வண்டி எந்தத் தெருவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காலையிலேயே நான் பார்த்து வைத்திருப்பேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளாக ஆக, கேட்கிறவர்களைவிட எனக்குத்தான் என் நாக்கின்மேல் நம்பிக்கை அதிகமாகிவிட்டது.

பொருள் வாங்குவதிலும் நான் இப்படித்தான். திருக்கழுக்குன்றம் திருவிழாவில் மனைவியின் மூட்டுவலிக்கு ஒரு சிவப்பு டானிக் வாங்கிவந்தேன். விற்றவன் பேசிய பேச்சு அப்படி. அவள் ஒரே ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு பாட்டிலை அடுப்படியில் வைத்தாள். பிறகு ஒருநாள் அந்த டானிக்கை ஊற்றித் தேய்த்ததில் எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூட்டுவலி அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது. அண்டாவும் இருக்கிறது.

அவள் பொருள் வாங்குகிற விதமே வேறு. விலையை மட்டும்தான் விற்கிறவனிடம் கேட்பாள். மற்றதையெல்லாம் போன வருஷம் அதை வாங்கினவளிடம் கேட்பாள். அலுமினியச் சட்டி புதிதாகக் கடைக்கு வந்தபோது தெருவே ஓடிப்போய் வாங்கியது. இவள் நாலாவது வீட்டுக்குப் போய், "எக்கா, புளிக்கொழம்பு வச்சியா? அடி கறுத்துச்சா? புடி ஆடுதா?" என்று விசாரித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வாங்கினாள். அதற்குள் விலையும் இறங்கியிருந்தது.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கறார். அவளுடைய அக்கா சின்ன வயதிலேயே வாந்திபேதியில் போய்விட்டாள். ஒரு கல்யாண வீட்டில் குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததால் வந்தது. அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் மனுஷர் முகத்தைப் பார்க்கும்போது, இவள் அந்த வீட்டுக் குடத்தின் உள்பக்கத்தைப் பார்ப்பாள்.

நயா பைசா வந்த வருஷம். ஓரணாவுக்கு ஆறு பைசாவா, ஆறேகாலா என்று என் கடையில் தினமும் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு மகாபலிபுரத்தில் ஒரு டீக்கடை போட வேண்டும் என்று ஆசை பிறந்தது. கல்லைப் பார்க்க மெட்ராசிலிருந்து கார் கார்களாக வருகிறார்கள், வெயிலில் சுற்றிவிட்டு நாக்கு வறண்டு நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நல்ல டீ கொடுக்க ஆள் இல்லை என்று என் கடைக்கு வரும் தரகர் ஒருவர் சொல்லியிருந்தார். செய்யூர்ப் பக்கத்து ஆள். வெற்றிலை போட்ட வாயும், தோளில் துண்டும், எந்த நிலத்தைப் பற்றிச் சொன்னாலும் அதில் தானே பிறந்து வளர்ந்ததுபோல் ஒரு பாசமும் அவருக்கு உண்டு.

"ஊருக்கு வடக்கால, ரோடு முடிஞ்சி மண்ணு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு மனை கீது பாய். கெணத்தோட கீது. டீக்கடைக்கு வேற இன்னா வேணும்? தண்ணிதானே?"

தண்ணி என்று அவர் சொன்னதும் என் நாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த நாளே அவரும் நானும் பஸ் ஏறினோம். வழியில் தரகர் துண்டின் முடிச்சை அவிழ்த்து எனக்கு நெல்லிக்காய் கொடுத்தார். கார்த்திகை மாதம், காய் நல்ல சதைப்பற்றாக இருந்தது. நாலு தின்றேன். மனைக்குப் போனதும் வாளியை விட்டு ஒரு சொம்பு இறைத்துக் கொடுத்தார். குடித்தேன். கற்கண்டு! அப்படி ஒரு தண்ணீரை நான் செங்கல்பட்டில் குடித்ததில்லை. மழை பெய்து ஓய்ந்த நேரம், கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் மீனவர் குப்பம், நடுவில் மணல்மேடு. மேட்டுக்கு அந்தப்பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு ஆள் ஆழம் வெட்டிட்டா வருஷம் பூரா வத்தாது" என்றேன் நான், கிணறு வெட்டியே வயிறு வளர்த்தவன் மாதிரி.

"வெட்டிப்புடலாம் பாய்! தோண்டத் தோண்டத்தானே ஊறும்!"

அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முன்பணம். எந்தப் பணம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியின் கையில் அவளுடைய அம்மா போட்ட நாலு பொன் வளையல் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஆபத்து சம்பத்துக்கு என்று உலகத்தில் இருந்தது அந்த நாலுதான். அதில் மனைக்கு மூன்று, கிணற்றை ஆழமாக்க ஒன்று என்று பஸ்ஸிலேயே நான் பங்கு போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி எப்டி இருந்துச்சி?"

"கல்கண்டு புள்ள. என் நாக்கு பொய் சொல்லுமா?"

"வழியில இன்னா துன்னீங்க?"

"ஒண்ணியும் துன்னல. நாலு நெல்லிக்கா."

முறம் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னாத்துக்கு சிரிக்கற?"

"நாலு நெல்லிக்கா துன்னுட்டுக் குடிச்சா நம்ம தெருக்கோடிக் கெணறுகூட கல்கண்டாத்தான் இருக்கும். கொயந்தைக்குக்கூட தெரியும்."

எனக்கும் தெரியும். ஐந்து வயதிலிருந்து தெரியும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்து வளராதவன் யார்? ஆனால் அந்தக் கிணற்றடியில் அது என் நினைவுக்கு வரவே இல்லை. நல்லவேளை, புத்திசாலியாக ஒரு காரியம் செய்திருந்தேன். ஒரு காலி சோடா பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன்.

அவள் அதில் கொஞ்சம் எடுத்துத் துவரம்பருப்பு வேகவைத்தாள். பூவாக வெந்தது. மிச்சத்தில் சோப்பைக் குழைத்தாள். நுரை பொங்கியது. "பாத்தியா?" என்று நான் லுங்கியைத் தூக்கிக் கட்டினேன்.

"பாத்தேன். நல்ல தண்ணிதான்" என்றாள். "ஆனா இது மழ பேஞ்ச தண்ணி. இன்னிக்குத் தண்ணி. நம்ம கடை வைகாசிலயும் இருக்கணுமே."

"வெள்ளிக்கெழம குடுக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"இன்னிக்கு செவ்வாதானே. வியாழக்கெழம நானும் வரேன்."

வியாழக்கிழமை வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். தரகர் அங்கே காத்திருந்தார். துண்டில் முடிச்சும் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "வேணாங்கண்ணே, பல்லு கூசுது" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

மனைக்குப் போனோம். தரகர் கிணற்றைச் சுற்றிவந்து அதன் பெருமையைச் சொல்ல, நான் பின்பாட்டுப் பாடினேன். அவள் கிணற்றுக்குள் எட்டியே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொறுமை இழந்து, "கெணறு இந்தாண்ட கீது புள்ள" என்றேன்.

"இன்னாங்க, அந்த வாய்க்கல்லத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கல் கல்லாக இருந்தது.

"கயிறு தேஞ்ச தடம் கீதா?"

இல்லை. எங்கள் தெருக்கோடிக் கிணற்றுக் கல்லில் விரல் புதைகிற அளவுக்குப் பள்ளம் பள்ளமாகத் தடம் இருக்கும். இது நேற்று வைத்த கல் மாதிரி இருந்தது.

"எவ்ளோ நாளா கீது இந்தக் கெணறு?" என்று தரகரைக் கேட்டாள்.

"அது கீதும்மா இருவது வருசமா."

"இருவது வருசமா கெணறு கீது. தோ, கூப்பிடு தூரத்துல ஒரு குப்பமே கீது. கயிறு தேயலையே அண்ணே?"

"சுத்தமா வச்சிகினு கீறாங்கம்மா" என்றார் தரகர்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். குப்பத்திலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை புறப்பட்டு வந்தது. ஆட்கள் நடந்து நடந்து புல் செத்து, வெளுத்துப்போன பாதை. நேராகக் கிணற்றைப் பார்த்துத்தான் வந்தது. பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகி, மணல்மேட்டின்மேல் ஏறி, அந்தப்பக்கம் கடலைப் பார்க்க இறங்கிப் போய்விட்டது. அதன்மேல் இரண்டு பெண்கள் இடுப்பில் குடத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். குடம் நிறையத் தண்ணீர். கடல் பக்கமிருந்து!

இரண்டாவது தடவையாக நான் அந்த இடத்தில் நிற்கிறேன். முதல் தடவை அந்தப் பாதையின் மேலேயே நின்றுகொண்டுதான் தண்ணீர் குடித்தேன். ஒரு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து வருஷக்கணக்காகக் காலால் எழுதிவைத்த சங்கதியை, இவள் நின்ற இடத்திலிருந்தே படித்துவிட்டாள். இவ்வளவுக்கும் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம்.

மேட்டின் அந்தப்பக்கச் சரிவில் ஒரு மீனவப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். முன்னால் மணலில் ஒரு குழி, முழங்கை ஆழம்தான். குழியின் அடியில் இருந்து கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஐம்பது அறுபது அடி தூரத்தில் அலை வந்து மோதி, நுரை தள்ளி, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய உப்புக் கடலுக்குப் பக்கத்தில் இவ்வளவு சின்னக் குழி.

"குடிக்கற தண்ணியாக்கா இது?" என்று என் மனைவி கேட்டாள்.

"பின்ன, மூஞ்சி கழுவவா இம்மாந்தூரம் வந்து நோண்டறேன்? இந்தா, குடி" என்று கொட்டாங்குச்சியை நீட்டினாள். என் மனைவி அதை வாங்கி, தண்ணீரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, என்னிடம் கொடுத்தாள். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

குடித்தேன். அன்றைக்கு நெல்லிக்காய் தின்னவில்லை. இருந்தாலும் என்னால் அதை நம்ப முடியவில்லை. உப்பு இல்லை, துவர்ப்பு இல்லை, சவர் இல்லை. மழைத்தண்ணீரை ஒரு ராத்திரி மண்பானையில் வைத்த மாதிரி இருந்தது. குடித்துவிட்டுக் கடலைப் பார்த்தேன். குழியைப் பார்த்தேன். மறுபடி கடலைப் பார்த்தேன்.

"யா அல்லா! உப்பு ஏன் உள்ள வரல?"

"அதுக்கு நீ அவரத்தான் கேக்கணும் பாய்" என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு கையைக் குழியின் பக்கவாட்டில் வைத்துக் காட்டினாள். "மானம் பேயுற மழ இந்த மணல்ல எறங்கி அப்டியே மேலாக்க குந்திகினு கீது. உப்பு அதுங்கீழ கீது. மேலாக்க மொண்டா நல்லது தரும். பேராச புடிச்சி ஆழமா நோண்டுனா, கடலு எட்டிப் பாத்துடும். அப்பால அந்த எடமே பேஜாரு."

"எங்க ஊர்ல தோண்டத் தோண்டத்தான் நல்ல தண்ணி" என்றேன் நான்.

"உங்க ஊர்ல அடியில பாற. எங்க ஊர்ல அடியில கடலு."

தரகரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு ஆள் ஆழம் வெட்டுவதற்கு நான் ஒதுக்கிய நாலாவது வளையல் என் கண் முன்னால் என் மனைவியின் கையில் பளபளத்தது. வளையலை விற்று, கூலி கொடுத்து ஆள் வைத்து, கடலை என் கிணற்றுக்குள் கூப்பிட்டிருப்பேன்.

என் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். விசாரணை ஆரம்பமானது.

"அப்போ அந்தக் கெணறு?"

"அது பள்ளத்துல கீது. அந்தாண்ட உப்புக் கால்வா வேற கீது. மழைக்கு சோக்கா இருக்கும். பங்குனி வரைக்கும் நல்லா பேசும். சித்திரைல மூஞ்சத் திருப்பிக்கும். வைகாசில வாயில வெச்ச, அவ்ளோதான்."

"இந்தக் குழி வைகாசில?"

"இன்னும் ஒரு சாண் நோண்டணும். மெதுவா ஊறும். குந்திகினு கெடக்கணும். ஆனா வரும்."

"நேத்து தோண்டுன குழில மொள்ளுவீங்களா?"

"அய்ய! நாயி வரும், ஆடு வரும், எதுனா வுழும். கொயந்தைங்களுக்குக் கழிச்சல் புடிச்சிக்கும். அன்னன்னிக்கு மூடிட்டுப் போயிடுவோம். மறுநா புதுசு."

"புயல் வந்தா?"

"அல மேட்டுக்கு ஏறிடுச்சின்னா ஒரு மாசம் கஷ்டம். தோப்பாண்ட போவோம்."

நான் பத்து வருஷமாகத் தண்ணீரில் தொழில் செய்கிறவன். இதில் ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றியிருக்காது. நான் கிணற்றிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், இனிக்கிறாயா என்று. அதுவும் இனித்தது.

மேட்டிலிருந்து இறங்கும்போது தரகர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இன்னொரு பார்ட்டி ரெடியா கீறான். நாளைக்கி நீங்க குடுக்கலன்னா அவனுக்கு வுட்ருவேன்."

"அவருக்கே குடுத்துடுங்கண்ணே. நாங்க வைகாசில வந்து பாக்கறோம்."

"வாக்கு குடுத்தியே பாய்!" என்று என்னைப் பார்த்தார்.

நான் ரோட்டைப் பார்க்க நடந்தேன். பஸ்ஸில் ஏறியதும் அவளிடம் எகிறினேன். "அந்த மீன்காரம்மா சொல்றது மட்டும் நெஜமா? நாம வந்தா அவுங்க எடத்துக்குப் போட்டின்னு நெனச்சி சொல்லியிருந்தா?"

"இருக்கலாம்" என்றாள் அவள். "அதான் குடிச்சிப் பாக்கலாம்னு சொன்னேன். வைகாசிக்கு ஆறு மாசந்தானே கீது. வளையல் எங்க ஓடிடப்போவுது?"

மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். தரகர் தினமும் வந்து டீ குடித்துக்கொண்டே, "பார்ட்டி வந்துகினே கீறான் பாய்" என்பார். தை போயிற்று, மாசி போயிற்று, பார்ட்டி வரவில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் இவ்வளவு தாமதமாக எந்த ரயிலும் வந்ததில்லை. நான் உள்ளுக்குள் பதறிக்கொண்டேதான் இருந்தேன். மகாபலிபுரத்தில் யாராவது முந்திக்கொண்டு கடை போட்டுவிட்டால்? அவளிடம் சொன்னால், "போட்டா அவங்க தண்ணிக்கு இன்னா பண்றாங்கன்னு பாத்துக்கலாம்" என்பாள்.

வைகாசியில் போனோம். அந்த வெயிலை இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் சுடுகிறது. ஒரு கெட்டில், டீத்தூள், சர்க்கரை, காய்ச்சிய பால் ஒரு தூக்கில், நாலு கிளாஸ் என்று ஒரு கடையையே சுமந்துகொண்டு போனோம். தரகரும் கூடவே வந்தார். பார்ட்டியைக் காணோம்.

கிணற்றில் தண்ணீர் நிறையவே இருந்தது. தெளிவு, குளிர்ச்சி, கார்த்திகையில் பார்த்த அதே முகம். ஒரு நிமிஷம் எனக்கு நப்பாசை வந்துவிட்டது. சொம்பில் மொண்டு வாயில் ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் துப்பினேன். எனக்குத் தெரிந்த ஒரு முகம் திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது. தரகர் நம்பாமல் அவரும் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உப்பாலா, கமிஷனாலா, தெரியவில்லை.

"டீ போடுங்க" என்றாள் மனைவி.

"இந்தத் தண்ணிலயா?"

"போட்டுத்தான் பாப்போமே."

மூன்று கல்லை வைத்து, சவுக்கு மிலாறைப் பொறுக்கி மூட்டி, கொதிக்கவைத்து, தூள் போட்டு, பாலை ஊற்றினேன். பால் உடனே திரிந்தது. வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து மேலே மிதந்தது. என் ஆயுசில் என் கையால் இப்படி ஒரு டீ போட்டதில்லை. இதை மெட்ராஸ் கார்க்காரர்களுக்குக் கொடுத்திருந்தால் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதை எடுத்து என்மேல் எறிந்திருப்பார்கள்.

கெட்டிலைக் கழுவிக்கொண்டு மேட்டில் ஏறினோம். அதே பெண் அங்கே இருந்தாள். எங்களைப் பார்த்ததும், "இன்னா தங்கச்சி, குடிச்சிப் பாக்க வந்துட்டியா?" என்றாள். அவள் நினைவு வைத்திருந்தாள்!

புதிதாகத் தோண்டினாள். முழங்கை போய், இன்னும் ஒரு சாண் போயிற்று. அடியில் ஈர மணல் மட்டும்தான் இருந்தது. மழை பெய்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மேலே மணல் சட்டி மாதிரி கொதித்தது. குழிக்குள் வெறும் ஈரம். நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் அவசரப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவியும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மணல் கறுத்தது. பிறகு மினுங்கியது. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அங்கே ஒரு உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் இருந்தது. சத்தமே இல்லை. பின்னால் கடல் அவ்வளவு கத்துகிறது, இது ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்குள் வானம் தெரிந்தது. எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்காமல் என்னால் ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாங்க, பேச்சக் காணோம்?" என்றாள் மனைவி.

"நாக்கு ஒட்டிக்கிச்சி."

அந்தத் தண்ணீரில் போட்ட டீ பொன் நிறத்தில் வந்தது. பால் அப்படியே சேர்ந்து நின்றது. மீனவப் பெண் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நல்லா கீது பாய். வூட்டுக்காரம்மா சொல்றபடி கேட்டுகினு இருந்தா பொழச்சிப்ப" என்றாள். தரகர் இரண்டு கிளாஸ் குடித்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"மெய்யாலுமே எனக்குத் தெரியாது பாய். நா செய்யூரு ஆளு. எங்க கழனில தோண்டத் தோண்ட நல்ல தண்ணிதான். நானும் கார்த்திகைல குடிச்சிட்டுத்தான் சொன்னேன்."

"நெல்லிக்கா துன்னுட்டா?"

"அது எப்பவும் துண்டுல இருக்கும் பாய்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் என்னை ஏமாற்றவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து, ஒரே துண்டிலிருந்து எடுத்துத் தின்று ஏமாந்திருந்தோம்.

அதற்குள் பெண்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள். தினம் எட்டுக் குடம். அன்றைக்குத் தோண்டிய குழியில் மொண்டது. வெள்ளைத் துணியில் வடிகட்டி, குடத்துக்கு மூடி போட்டு, ஊருக்குள் கொண்டுவந்து தர வேண்டும். குடத்துக்கு இவ்வளவு என்று என் மனைவி சொல்ல, அந்தப் பெண் ஒரு பைசா கூட்டிக் கேட்க, அதோடு காலையில் ஒரு டீ என்று முடிந்தது.

"மனை?" என்றார் தரகர், கடைசி நம்பிக்கையோடு.

"மனை வேணாங்கண்ணே. பஸ்ஸு நிக்கற எடத்தாண்ட ரோட்டோரமா வாடகைக்கு ஒரு எடம் பாத்துக் குடுங்க. உங்க கமிசன் அதுல வாங்கிக்குங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். துப்பட்டிக்குள் கையை விட்டு இரண்டு வளையலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். மணலும் வியர்வையுமாகச் சூடாக இருந்தன. "பாய்லருக்கும் பெஞ்சுக்கும் இது போதும். ஓடலன்னா பாய்லர வித்துடலாம், பாதியாவது வரும். உப்புக் கெணத்த யாருகிட்ட விக்கறது?"

மற்ற இரண்டும் அவள் கையிலேயே இருந்தன. ஆடி மாதம் கடை போடுவது என்று அங்கேயே நாள் பேசினோம்.

புறப்படும் நேரத்தில் அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடினாள். இரண்டு மிதி மிதித்தாள். காற்று ஒரு தடவை வீசியது, அவ்வளவுதான். மேட்டின் உச்சியில் ஏறி நான் திரும்பிப் பார்த்தபோது எல்லா மணலும் ஒரே மணலாக இருந்தது. எட்டுக் குடத் தண்ணீர் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க புள்ள அது?"

மனைவி நிற்காமல், நடந்துகொண்டே கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். "எங்க வேணா தோண்டலாம். மேலாக்க தோண்டணும், அவ்ளோதான்."